தென்சீனக் கடலில் போர்க்கப்பல்களின் நடமாட்டத்தைப் பொதுத் தகவல்களைக் கொண்டு பின்தொடர்வதற்கான வழிகாட்டி

2017 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான கார்ல் வின்சன் சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும்படி உத்தரவிடப்பட்டதாக அறிவிப்பு வெளியானது. வடகொரியாவுடன் பதற்றம் முற்றியிருந்த நேரம் அது. ஒரு வாரத்துக்கும் மேலாக உலகச் செய்தித்தாள்கள் பலவும் அந்தக் கப்பல் கொரியத் தீபகற்பத்தை நெருங்கிக்கொண்டிருப்பதாகவே எழுதின. ஆனால் ஏப்ரல் 15 அன்று எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன் அமெரிக்கக் கடற்படையே வெளியிட்ட ஒரு படத்தில், அந்தக் கப்பல் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே உள்ள சுண்டா நீரிணையைக் கடந்துகொண்டிருந்தது. கொரியாவிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நேர்எதிர்த் திசையில், இந்தியப் பெருங்கடலை நோக்கி அது போய்க்கொண்டிருந்தது. உண்மையை வெளிக்கொண்டுவர யாரும் எந்த இரகசியக் கோப்பையும் திறக்கவில்லை. ஒரு படத்தின் தேதியையும் இடத்தையும் படித்து, அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவே.

இந்தப் பணியின் அடிப்படை அதுதான். ஒரு போர்க்கப்பல் எங்கே இருக்கிறது என்பதை எந்த ஒரு மூலமும் தனியாகச் சொல்லிவிடாது. வெவ்வேறு வழிகளில் பிறந்த இரண்டு சான்றுகள் ஒரே இடத்திலும் ஒரே நேரத்திலும் சந்திக்கும்போதுதான், அக்கப்பல் அங்கே "இருந்தது" என்று எழுதும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. "இருக்கிறது" என்று எழுதும் உரிமை பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டியதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்சின் மசின்லோக், வியட்நாமின் லீ சோன் தீவு, சீனாவின் ஹைனான் தீவில் உள்ள தான்மென் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர்களும் இந்தக் கடல் யாருக்கு உரியது என்ற தகராறின் நடுவேதான் வலை வீசுகிறார்கள். தவறான ஒரு செய்தியால் எழும் பதற்றம் முதலில் அவர்களுடைய படகுகளைத்தான் வந்து தொடும்.

கடலையும் பெயர்களையும் முதலில் படித்தல்

கருவிகளைத் திறப்பதற்கு முன்பு வரைபடத்தோடு சில நாட்கள் செலவிடுங்கள். தென்சீனக் கடலுக்குள் பெரிய கலங்கள் நுழையும் வாயில்கள் அதிகமில்லை. வடகிழக்கில் தைவானுக்கும் பிலிப்பைன்சின் லூசோன் தீவுக்கும் நடுவே பாஷி, பாலின்டாங் கால்வாய்கள் உள்ளன. வடக்கே தைவான் நீரிணை. தெற்கே சிங்கப்பூர் நீரிணை. கிழக்கே சூலு கடலுக்கு இட்டுச் செல்லும் மின்டோரோ, பாலபாக் நீரிணைகள். இந்த வாயில்களில் ஒன்றைக் கடக்கும்போது கப்பல் கண்ணில் படும் வாய்ப்பு மிகுதி. நடுக்கடலில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. சீனத் தென்கடல் படைப்பிரிவின் தலைமையகம் ஜான்ஜியாங்கில் இருக்கிறது. விமானந்தாங்கிகளும் நீர்மூழ்கிகளும் நிற்கும் பெருந்தளம் ஹைனான் தீவின் தென்முனையில், சான்யா அருகே உள்ளது.

அடுத்தது பெயர்கள். இந்தக் கடலையே வியட்நாமியர் கிழக்குக் கடல் என்கிறார்கள். தாங்கள் உரிமை கோரும் பகுதியைப் பிலிப்பைன்ஸ் மேற்குப் பிலிப்பைன் கடல் என்கிறது. இந்தோனேசியா தன் பங்குக்கு 2017இல் ஒரு பகுதிக்கு வடநதுனா கடல் என்று பெயரிட்டது. ஆங்கிலத்தில் ஸ்கார்பரோ திட்டு எனப்படும் இடம் பிலிப்பைன்ஸ் அறிக்கைகளில் பாஹோ தே மசின்லோக் என்றும், சீன அறிக்கைகளில் ஹுவாங்யான் தாவ் என்றும் வரும். இரண்டாம் தாமஸ் திட்டு ஒரு தரப்புக்கு அயுங்கின், மறுதரப்புக்கு ரென்ஆய் ஜியாவ். இப்பெயர்களை அந்தந்த மொழியின் எழுத்திலேயே ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு தேடாவிட்டால், ஒரே நிகழ்வைப் பற்றிய பாதிச் செய்தி உங்கள் கண்ணுக்கே வராது.

சட்டச் சொற்களிலும் கவனம் தேவை. 12 கடல் மைல் வரையிலான ஆட்சிக்கடலும் 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலமும் ஒன்றல்ல. அயல்நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று பொருளாதார மண்டலத்தின் வழியே சென்றதற்காக மட்டும் "ஊடுருவல்" என்று எழுதுவது பிழை. 2016 ஜூலை 12 அன்று நடுவர் தீர்ப்பாயம், தன் வரைபடத்தில் சீனா வரைந்திருக்கும் கோடுகளால் சூழப்பட்ட பரப்பில் வரலாற்று உரிமை உண்டு என்ற சீனாவின் கோரிக்கைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது; எந்தத் திட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அது செல்லவில்லை; சீனா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. இம்மூன்றையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏ.ஐ.எஸ். சொல்வதும் சொல்லாததும்

பெரும்பாலோர் தொடங்கும் இடம், மெரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்களில் தெரியும் ஏ.ஐ.எஸ். வரைபடம். இது தானியங்கி அடையாள முறை. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன் மற்றும் அதற்கு மேற்பட்ட மொத்தக் கொள்ளளவுள்ள கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் இதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை கூறுகிறது. ஓடும் கப்பல் தன் இடத்தையும் வேகத்தையும் திசையையும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒலிபரப்பும். நங்கூரமிட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. இந்த வானொலி அலை கண்ணுக்கெட்டும் தொலைவு போலத்தான் பரவும் என்பதால் கரையிலுள்ள வாங்கிகளுக்குச் சில பத்துக் கடல் மைல்களுக்கு அப்பால் எதுவும் எட்டாது. அதற்கு மேல் செயற்கைக்கோள் வாங்கிகளை நம்ப வேண்டும், அவற்றின் தரவோ பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியது. 2021 நவம்பரில் சீனாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில், சீனக் கரையோர வாங்கிகளிலிருந்து வெளியுலகுக்கு வந்துகொண்டிருந்த தரவும் பெருமளவு குறைந்துவிட்டது.

இந்தக் கட்டாயம் போர்க்கப்பல்களுக்கு இல்லை. அவை விரும்பினால் ஒலிபரப்பும், விரும்பாவிட்டால் நிறுத்திவிடும். 2017இல் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் அடுத்தடுத்து வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் உயிரிழந்த பிறகு, நெரிசலான வழிகளில் ஏ.ஐ.எஸ். ஒலிபரப்புமாறு அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்குச் சொன்னது. எனவே சிங்கப்பூர் நீரிணை போன்ற இடங்களில், பெயருக்குப் பதிலாக அமெரிக்க அரசுக் கலம் என்ற பொதுக் குறிப்போடு ஒரு புள்ளி நகர்வதைக் காணலாம்.

ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் கப்பலின் வானொலிக் கருவிக்கான அடையாளமாக எம்.எம்.எஸ்.ஐ. எனும் ஒன்பது இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: 412, 413, 414 சீனா, 416 தைவான், 548 பிலிப்பைன்ஸ், 574 வியட்நாம், 533 மலேசியா, 525 இந்தோனேசியா, 419 இந்தியா. கப்பல் வகைக்கான குறியீட்டில் 35 என்பது இராணுவப் பணி, 55 என்பது சட்ட அமலாக்கம், 30 என்பது மீன்பிடிப்பு. ஆனால் இவையனைத்தும் கப்பலில் இருப்பவர் தட்டச்சு செய்யும் விவரங்களே தவிர யாரும் சரிபார்த்தவை அல்ல. சீன மீனவர்கள் வலைகளில் கட்டிவிடும் மிதவைகள்கூட ஏ.ஐ.எஸ். ஒலிபரப்புகின்றன. பெயரின் இறுதியில் மின்கலத்தின் மீதம் சதவீதமாக வருவதைப் பார்த்தால் அது மிதவை என்று தெரிந்துகொள்ளலாம். பார்க்காதவர் அதைக் கப்பல் கூட்டம் என்று எண்ணிவிடுவார்.

பொய்யான தடம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்பதற்குக் கருங்கடல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2021 ஜூன் 18 நள்ளிரவுக்குச் சற்று முன், பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவெர்ட்சன் என்ற இரு போர்க்கப்பல்களும் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, ரஷ்யக் கடற்படைத் தளம் உள்ள கிரைமியாவின் செவஸ்தபோல் துறைமுக வாயிலுக்கு மிக அருகில் சென்றதாக ஏ.ஐ.எஸ். காட்டியது. அந்த இரவு முழுவதும் ஒடெசாவின் நேரலை ஒளிப்படக் கருவிகளில் இரு கப்பல்களும் கரையில் கட்டப்பட்டே நின்றன. ஐந்து நாட்கள் கழித்து டிஃபெண்டர் உண்மையாகவே கிரைமியக் கரையோரம் சென்றபோது, எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டதாக ரஷ்யா கூறியது. முதல் தடம் பொய், இரண்டாம் பயணம் மெய். வரைபடத்தில் தெரியும் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறியவே முடியாது.

ஆகவே ஏ.ஐ.எஸ். தடத்தை ஒரு துப்பாகக் கொள்ளுங்கள், சான்றாகக் கொள்ளாதீர்கள். தடத்தை நீங்களே சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. சான்யாவிலிருந்து ஸ்கார்பரோ திட்டுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 510 கடல் மைல். 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில் அது 32 மணி நேரப் பயணம். 25 நாட் வேகத்தில் சென்றாலும் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் சான்யாவில் தெரிந்த கப்பல் அன்று மாலையே திட்டருகே தெரிந்தால், இரண்டில் ஒன்று தவறு.

மேலிருந்து பார்ப்பது

இரண்டாவது சான்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் சிறந்த மூலம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் திட்டச் செயற்கைக்கோள்கள். யாரும் ஒரு கணக்குத் தொடங்கி கோப்பர்னிக்கஸ் பிரவுசரில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம். சென்டினல்-2 சாதாரண ஒளியில் 10 மீட்டர் நுணுக்கத்தில், உள்ளூர் நேரம் காலை பத்தரை வாக்கில் படமெடுக்கும். சென்டினல்-1 ரேடார் கொண்டு இரவிலும் மேகத்துக்குள்ளும் பார்க்கும். மழைக்கால மேகம் பல வாரங்கள் மூடிக்கிடக்கும் இந்தக் கடலில் ரேடார் இல்லாமல் தொடர்ச்சியான கண்காணிப்பு இயலாது. ஆனால் இவை நடுக்கடல் முழுவதையும் நாள்தோறும் படமெடுப்பதில்லை. கரைகள், தீவுகள், பவளத்திட்டுகளைச் சுற்றிச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் படம் கிடைக்கும். ஆகவே இவற்றை ஓடும் கப்பலைத் துரத்துவதற்குப் பயன்படுத்தாமல், சீனா தளம் அமைத்துள்ள மிஸ்சீஃப், சுபி, ஃபியரி கிராஸ் திட்டுகளின் உள்வாயில்களிலும் சான்யா தளத்தின் துறைமேடைகளிலும் என்ன நிற்கிறது, என்ன போய்விட்டது என்று பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். துறைமேடை காலியாக இருப்பதும் ஒரு தகவலே.

10 மீட்டர் நுணுக்கம் என்றால் என்னவென்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்: படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 10 மீட்டர். 300 மீட்டருக்கு மேல் நீண்ட லியாவ்னிங், ஷான்டோங் என்ற சீன விமானந்தாங்கிகள் முப்பது புள்ளிகள் நீளத்துக்குத் தெரியும். அகன்ற தளமும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். 134 மீட்டர் நீளமுள்ள, நாசகாரியைவிடச் சிறிய 054ஏ வகைச் சீன ஃபிரிகேட் போர்க்கப்பல் பதின்மூன்று புள்ளிகள் நீளத்தில், இரண்டு புள்ளிகூட இல்லாத அகலத்தில் ஒரு கோடாகத் தெரியும். சீனாவின் 052டி நாசகாரி ஏறத்தாழ 157 மீட்டர். அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை ஏறத்தாழ 155 மீட்டர். இந்த இரண்டு மீட்டர் வேறுபாடு ஒரு புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு. சென்டினல் படத்தில் தெரியும் ஒரு கோட்டைக் காட்டி இது இன்ன நாட்டு நாசகாரி என்று சொல்பவரை நம்பாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். "ஏறத்தாழ 150 மீட்டர் கலம், நாசகாரி அளவு" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ரேடார் படத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. உலோகக் கப்பல் வலுவாகப் பிரதிபலிப்பதால் சிலுவை வடிவில் ஒளி சிதறி, நீளத்தைக் கூட்டிக் காட்டும். மேலும், ஓடும் கப்பல் தன் உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் விலகித் தெரியலாம். நீர்த்தடம் ஓரிடத்திலும் கப்பல் சற்றுத் தள்ளி வேறிடத்திலும் நிற்பது போன்ற படங்களுக்குக் காரணம் இதுதான். ரேடாரில் தெரிந்து ஏ.ஐ.எஸ்.இல் தெரியாத கலங்களைத் தனியே பிரித்துக் காட்டும் வசதி குளோபல் ஃபிஷிங் வாட்ச் வரைபடத்தில் இலவசமாகவே இருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை.

எண்ணையும் உருவத்தையும் படித்தல்

கப்பலின் பெயரை உறுதிசெய்வது பெரும்பாலும் அதன் முன்பகுதியான அணியத்தில் எழுதப்பட்ட எண்தான். சீனக் கடற்படையில் விமானந்தாங்கிகளுக்கு 16, 17, 18 என்ற ஈரிலக்க எண்கள். நாசகாரிகளுக்கு 1 என்று தொடங்கும் மூவிலக்க எண்கள். கடலோரக் காவல்படைக் கலங்கள் வெள்ளை நிறத்தில், பெரும்பாலும் நான்கிலக்க எண்களோடு வரும். 165 மீட்டர் நீளமுள்ள 5901 அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மூன்றாவது கூட்டம் கடல்சார் மக்கள்படை. மீன்பிடிக் கப்பல் போலத் தோன்றும் இவை பெரிய இரும்புக் கலங்கள். மீன் பிடிக்காமல் ஒன்றோடொன்று கட்டப்பட்டு வாரக்கணக்கில் நங்கூரமிட்டிருப்பதே இவற்றின் அடையாளம். 2021 மார்ச்சில் விட்சன் திட்டருகே இருநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் இப்படித்தான் கூடி நின்றன. போர்க்கப்பலை மட்டும் எண்ணிவிட்டு இவற்றை விட்டுவிட்டால், இந்தக் கடலில் நடப்பதில் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகவே பொருள்.

2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ திட்டருகே பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் சுலுவான் கப்பலைத் துரத்திச் சென்ற சீனக் கடலோரக் காவல்படைக் கலம் 3104, சீனக் கடற்படையின் நாசகாரி ஒன்றோடு மோதியது. பிலிப்பைன்ஸ் வெளியிட்ட காணொளியில் 164 என்ற எண் தெளிவாகத் தெரிந்ததால், அது குய்லின் என்ற 052டி நாசகாரி என்பதை யாரும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடிந்தது. அன்றைய சீனக் கடலோரக் காவல்படை அறிக்கையில் மோதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய காணொளி கிடைத்தவுடன் முதலில் அதைத் தரவிறக்கிச் சேமித்து, வெளியான நேரத்தைக் குறித்து, முன்பு எங்கேனும் வந்த பழைய படமா என்று படத்தேடலில் சோதித்து, பின்னரே எண்ணைப் படியுங்கள். அலைநுரையில் 3 என்பது 8 போலத் தெரியும். ஒரே காட்சியை நம்பாமல் இரண்டு மூன்று சட்டகங்களில் பாருங்கள்.

அறிவிப்புகளைப் படிக்கும் முறை

அரசுகள் தாங்களே வெளியிடும் தகவல் எதிர்பார்ப்பதைவிட மிகுதி. தைவானின் பாதுகாப்பு அமைச்சகம் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தன் தீவைச் சுற்றித் தென்பட்ட சீன விமானங்கள், கப்பல்களின் எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிடுகிறது. ஜப்பானின் கூட்டுப் படைத் தலைமையகம், தன் தீவுகளுக்கு இடையேயான நீரிணைகளைக் கடக்கும் சீன, ரஷ்யக் கப்பல்களின் எண்ணையும் நேரத்தையும் படத்தோடு தருகிறது; நான் அறிந்தவரை பொதுமக்களுக்குக் கிடைக்கும் கடற்படைத் தகவல்களில் இவ்வளவு துல்லியமானது வேறில்லை. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் செய்திப் பிரிவு, அமெரிக்க விமானந்தாங்கிகள் எந்தக் கடற்பகுதியில் உள்ளன என்று வாரந்தோறும் தொகுக்கிறது. இவற்றோடு, சுடு பயிற்சிக்காக மூடப்படும் கடற்பரப்பின் எல்லைகளைச் சீனக் கடல்சார் பாதுகாப்பு நிர்வாகமும், ஜப்பான் ஒருங்கிணைக்கும் 11ஆம் கடற்பயண எச்சரிக்கை மண்டலமும் மாலுமிகளுக்காக அறிவிக்கின்றன. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் இணைத்துப் பார்த்தால் பயிற்சிப் பரப்பு தெரியும். எந்தக் கப்பல் வரும் என்பது தெரியாது.

அறிவிப்புகளில் நான் மிக உயர்வாக மதிப்பது, ஒருவரை ஒருவர் மறுக்கும் இரு தரப்பும் தெரியாமலே ஒத்துப்போகும் விவரம். 2025 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்க நாசகாரி ஹிக்கின்ஸ் ஸ்கார்பரோ திட்டருகே சென்றது. அதை விரட்டிவிட்டதாகச் சீனாவின் தென்மண்டலப் படைத்தலைமை கூறியது; பன்னாட்டுச் சட்டப்படி கடலோட்ட உரிமையை நிலைநாட்டியதாக அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை கூறியது. விரட்டப்பட்டதா, தானே சென்றதா என்பதில் அவர்கள் முரண்படட்டும். கப்பல் எது, நாள் எது, இடம் எது என்ற மூன்றிலும் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். நம் பதிவேட்டுக்கு வேண்டியது அந்த மூன்றுதான்.

பதிவேடு

ஒரு சாதாரண அட்டவணைத் தாள் போதும். ஒவ்வொரு வரியிலும் நிகழ்ந்த நேரம், இடம், கலம், சான்றின் வகை, அது வெளியான நேரம், சேமித்த நகலின் இருப்பிடம், உறுதியின் அளவு ஆகியவை இருக்க வேண்டும். நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். பெய்ஜிங்கும் மணிலாவும் தைபேயும் அதைவிட 8 மணி நேரம் முன்னால், ஹனோய் 7, டோக்கியோ 9, நமக்கு ஐந்தரை. இந்த மாற்றத்தில் தவறினால் ஒரு கப்பல் ஒரே நாளில் இரண்டு இடங்களில் இருந்ததாகக் கணக்கு வந்துவிடும். நிகழ்ந்த நேரமும் வெளியான நேரமும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்க நீர்மூழ்கி கனெக்டிகட் இந்தக் கடலில் 2021 அக்டோபர் 2 அன்று கடலடிக் குன்றில் மோதியது, செய்தி வெளியானதோ 7ஆம் தேதி. நீர்மூழ்கிகளைப் பொறுத்தவரை, துறைமுகத்தில் நிற்பதைக் காணலாம் என்பதற்கு மேல் இந்த வழிமுறையில் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒவ்வொரு பதிவும் மணிக்கு மணி பழசாகிறது. 18 நாட் வேகத்தில் செல்லக்கூடிய கப்பலைக் கடைசியாகக் கண்டு ஒரு நாள் கடந்துவிட்டால், அது 432 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தை வரைபடத்தில் வரைந்து பார்ப்பவர், நேற்றைய புள்ளியை இன்றைய இடமாக வெளியிட மாட்டார்.

வெளியிடும்போது

இரண்டாம் தாமஸ் திட்டில் 1999 முதல் தரைதட்டி நிற்கும் பிலிப்பைன்சின் பழைய கடற்படைக் கப்பலான சியரா மாட்ரேயில் இருக்கும் வீரர்களுக்கு உணவும் நீரும் சிறு படகுகளில் போகின்றன. 2024 ஜூன் 17 அன்று அங்கு சீனக் கடலோரக் காவல்படையோடு நடந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி தன் கட்டைவிரலை இழந்தார். அத்தகைய பயணம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் இடத்தை வெளியிடுவதால் எந்த வாசகருக்கும் பயனில்லை. ஒரு நாள் கழித்து எழுதினாலும் செய்தியின் மதிப்பு குறையாது. எந்த நாட்டுப் படகாக இருந்தாலும் இதே விதியைக் கடைப்பிடியுங்கள். வணிகக் கப்பல்களில் பணிபுரியும் உறவினர்களிடமோ நண்பர்களிடமோ கப்பலின் மேல்தளத்திலிருந்து போர்க்கப்பல்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அவர்கள் இறங்கும் துறைமுகத்தின் சட்டம் அவர்கள்மீது பாயும், உங்கள்மீது அல்ல. 2023இல் விரிவாக்கப்பட்ட சீனாவின் உளவுத் தடுப்புச் சட்டத்தையும் இந்தியாவின் 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தையும் ஒருமுறையேனும் படித்துவிட்டு, கடற்படைத் தளங்களின் பக்கம் ஒளிப்படக் கருவியோடு போவதைத் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன எதற்கும் வீட்டு மேசையை விட்டு எழ வேண்டிய தேவை இல்லை.

எழுதும்போது சான்றின் வகையைச் சொற்றொடரிலேயே காட்டுங்கள். "ஏ.ஐ.எஸ். தடத்தின்படி", "ரேடார் படத்தில் அடையாளம் தெரியாத கலமாக", "பிலிப்பைன்ஸ் காணொளியில் எண் தெரியும்படி" என்று எழுதினால் வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார். காணவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்: மேகம் மூடிய நாளில் "திட்டருகே கப்பல் இல்லை" என்று எழுதாமல், "அன்று பயன்படத்தக்க படம் கிடைக்கவில்லை" என்றே எழுத வேண்டும். பின்னர் தவறு தெரியவந்தால் பழைய வரியை அழித்துவிடாமல், அதன் அருகிலேயே திருத்தத்தையும் திருத்திய தேதியையும் காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்.